காலி பாட்டில், தகர டப்பா, செய்தித்தாள், பழைய டி-ஷர்ட்: உரியாமல், துருப்பிடிக்காமல் நிற்கும் வீட்டு அலங்காரம் செய்ய முழுமையான வழிகாட்டி

பழைய பொருளில் செய்த கைவினை, செய்த அன்று எப்போதும் அழகாகத்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். பாட்டிலில் அடித்த பெயின்ட் தோலாக உரிந்திருக்கும், டப்பாவின் அடியில் துரு வட்டம் பதிந்திருக்கும், க்ளூ கன்னால் ஒட்டிய பூ தரையில் கிடக்கும். பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, பொருளுக்குப் பொருந்தாத பசையைப் போட்டாயிற்று, காயும்வரை பொறுக்கவில்லை: பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். ஆகவே இங்கே அலங்கார வேலையைவிட அதற்கு முந்தைய வேலைக்கே அதிக இடம்.

## எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

ஒரே மாதிரி நான்கைந்து கிடைக்கும் பொருளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முதல் பாட்டில் உடையும், முதல் டப்பா நசுங்கும். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

சிலவற்றை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். எரிந்துபோன சிஎஃப்எல் பல்பிலும் டியூப்லைட்டிலும் பாதரசம் இருக்கிறது. அவற்றைத் திறக்கவோ வெட்டவோ கூடாது. பழைய குண்டு பல்பைக் குடைந்து குட்டிப் பூச்சாடி செய்வது பார்க்க அழகுதான், ஆனால் அந்தக் கண்ணாடி முட்டை ஓடு போல மெல்லியது. பூச்சி மருந்து, ஆசிட், எஞ்சின் ஆயில் இருந்த டப்பாக்களை எத்தனை முறை கழுவினாலும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். பிவிசி குழாயைச் சூடாக்கி வளைக்கும்போது கிளம்பும் புகை நச்சு; அறைக்குள் அந்த வேலை கூடாது.

சரக்கு ஏற்ற அடியில் வைக்கும் மரப் பலகைகளை (பேலட்) அலமாரியாக்க நினைப்பவர்கள் முதலில் அதன் பக்கவாட்டில் சுட்டிருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி, எல்லை கடந்து போகும் மரப் பலகைகளில் அந்த முத்திரை இருக்கும். ‘ஹெச்.டி.’ (HT) என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். ‘எம்.பி.’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு காட்டியது, வீட்டுக்கு வேண்டாம். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தாலும் வேண்டாம். பல பத்தாண்டுகள் பழைய பெயின்ட் அடித்த மரத்தை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம்; அந்தத் தூள் மூச்சில் போவது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, ஆபத்து.

## பசை: பாதித் தோல்வி இங்கேதான்

எல்லாவற்றையும் ஒட்டும் பசை என்று ஒன்று கிடையாது. மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை நீரை இழந்து காய்கிறது. அந்த நீர் வெளியேற, ஒட்டும் இரண்டில் ஒன்றாவது நீரை உறிஞ்ச வேண்டும். காகிதம், துணி, மரம், சணல் எல்லாவற்றுக்கும் அது போதும். கண்ணாடியோடு கண்ணாடியை, தகரத்தோடு தகரத்தை ஒட்டினால் நடுவில் நாள்கணக்கில் பால் போலவே இருக்கும். அங்கே தேவை, இரண்டு டியூபாக வரும் எபாக்ஸி. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையாக இருந்தாலும் முழு பலம் வர ஒரு நாள் அசைக்காமல் விட வேண்டும்.

க்ளூ கன் வேகமானது, அதனாலேயே எல்லாரும் அதையே நாடுகிறார்கள். வழவழப்பான குளிர்ந்த கண்ணாடியில் பட்டவுடன் அந்தப் பசை உறைந்துவிடுகிறது, பிடிப்பதற்கு நேரமே இல்லை. சில நாளில் ஒரே துண்டாகப் பெயர்ந்து வரும். கண்ணாடியை ஹேர் டிரையரால் கை தாங்கும் சூடு வரை சூடாக்கிவிட்டு ஒட்டினால் பிடிப்பு நன்றாகக் கூடும். வெயில் விழும் ஜன்னலில் வைக்கப்போகும் பொருளுக்கு மட்டும் க்ளூ கன் வேண்டவே வேண்டாம், வெப்பத்தில் இளகிவிடும். சூப்பர் க்ளூ சிறு பரப்புக்கு நல்லது. ஆனால் காயும்போது சுற்றிலும் வெண்படலம் விடும், கண்ணாடியில் அது அசிங்கமாகத் தெரியும்.

பிளாஸ்டிக்கில் அடிப்பக்கத்து முக்கோண எண்ணைப் பாருங்கள். 2, 4, 5 என்று இருந்தால் அது பாலித்தீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். சாதாரணப் பசை எதுவும் அதில் நிற்காது. துளை போட்டுக் கட்டுங்கள், தையுங்கள், ஸ்க்ரூ போடுங்கள். தெர்மகோலில் கரைப்பான் கலந்த பசையோ ஸ்ப்ரே பெயின்டோ பட்டால் அது கண்முன்னே உருகிக் குழியாகும். வெள்ளைப் பசையும் நீர்ப் பெயின்டும்தான் அதற்கு.

## கண்ணாடி பாட்டில்

லேபிள் எடுப்பது. லேபிள் ஒட்டும் பசையில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை நீரில் கரையும்: ஒரு லிட்டர் சுடுநீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டால் காகிதம் தானே நழுவும். இன்னொரு வகை ஸ்டிக்கர் பசை. இதை நீரில் ஊறவைப்பதுதான் தப்பு. மேல் காகிதம் மட்டும் கூழாகி, பசை அப்படியே நிற்கும். உலர்ந்த பாட்டிலை ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடாக்கி, ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள், முழுதாக வரும். மிச்சப் பிசுபிசுப்புக்கு, சமையல் எண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவில் குழைத்துப் பூசி 15 நிமிடம் விட்டுத் தேயுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டு முறை கழுவ வேண்டும். ஒரு முறை கழுவியதில் மிஞ்சும் எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியாது, பெயின்டுக்குத் தெரியும். கடைசியில் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, அதன்பின் பாட்டிலை விரல் படாமல் கழுத்தில் பிடியுங்கள்.

வண்ணம். சாதாரண அக்ரிலிக் பெயின்டை வெறும் கண்ணாடியில் பூசினால், ஈரம் பட்டதும் நகத்தால் உரிக்கலாம். கண்ணாடிக்கான பெயின்ட், எனாமல், அல்லது ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்துவிட்டு மேலே அக்ரிலிக், இதில் ஏதாவது ஒன்று வேண்டும். பளபளப்பு கெடாமல் இருக்க இன்னொரு வழி உள்பக்கம் பூசுவது: 750 மி.லி. பாட்டிலுக்கு 40 முதல் 50 மி.லி. எனாமலைத் தின்னரால் பால் பதத்துக்குத் தளர்த்தி உள்ளே ஊற்றி, சாய்த்துச் சாய்த்துச் சுற்றுங்கள். எல்லாப் பக்கமும் மூடியதும் இரண்டு குச்சிகள் மேல் தலைகீழாக நிறுத்தி, மிச்சத்தை வடியவிடுங்கள். நேராகத் தரையில் கவிழ்த்தால் வாய் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் திறந்த இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. குறுகிய கழுத்து வழியாகக் காற்று போவது குறைவு, அதனால் காய ஒரு வாரம்கூட ஆகலாம். உள்ளே பூசிய பாட்டிலில் நேரடியாக நீர் ஊற்றினால் படலம் கிளம்பிவிடும். பூ வைக்க வேண்டுமானால் உள்ளே நுழையும் ஒரு சிறு குழாயில் நீர் வைக்க வேண்டும்.

சணல் சுற்றுவது. ஆரம்பிப்பதற்கு முன் கயிறு போதுமா என்று கணக்குப் போடுங்கள். சுற்ற வேண்டிய உயரத்தைக் கயிற்றின் தடிமனால் வகுத்து, வரும் எண்ணைப் பாட்டிலின் சுற்றளவால் பெருக்க வேண்டும். 20 செ.மீ. உயரம், 2 மி.மீ. கயிறு என்றால் 100 சுற்று. சுற்றளவு 24 செ.மீ. என்றால் 24 மீட்டர். 10 மீட்டர் உருண்டையை வாங்கிவந்து பாதியில் தவிப்பவர்கள் இந்தப் பெருக்கலைப் போடாதவர்கள். கீழிருந்து மேலே போங்கள், ஒவ்வொரு 3 செ.மீ. பரப்புக்கு மட்டும் பசை தடவுங்கள். கழுத்து சரியும் இடத்தில் கயிறு மேலே வழுக்கும், அங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் பசை வேண்டும்.

வெட்டுவது. நூலை ஸ்பிரிட்டில் நனைத்துச் சுற்றி, கொளுத்தி, தண்ணீரில் அமுக்கும் வித்தையைப் பரிந்துரைக்க முடியாது. நெருப்பு ஒரு ஆபத்து. அதைவிட, சூடு அகலமாகப் பரவுவதால் வெடிப்பு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிறு உருளைச் சக்கரம் உள்ள பாட்டில் கட்டர்தான் சரி. பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டபின்:

1. வட்டமான, வழவழப்பான, புடைப்பு எழுத்து இல்லாத பாட்டிலை எடுங்கள். சதுர பாட்டிலில் மூலைத் தடிமன் வேறு, பக்கத் தடிமன் வேறு, வெடிப்பு வழிதவறும்.
2. சக்கரத்தில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, ஒரே அழுத்தத்தில் ஒரே ஒரு சுற்று கீறுங்கள். தீக்குச்சி உரசுவதுபோல மெல்லிய சத்தம் தொடர்ந்து கேட்க வேண்டும். கோடு ஆரம்பித்த இடத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். அதே கோட்டில் இரண்டாம் முறை போவதுதான் பாட்டில் கோணலாக உடைய முதல் காரணம்.
3. கொதி அடங்கிய சுடுநீரைக் கோட்டின்மேல் மெல்லிய தாரையாகச் சுற்றி ஊற்றி, உடனே குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மாற்றி மாற்றி மூன்று நான்கு முறை. இழுக்க வேண்டாம், தானாகவே கழன்று விழும்.
4. விளிம்பைத் தேய்க்க ஒரு தட்டையான டைல்மேல் நீர் ஊற்றி, வாட்டர் பேப்பரை வைத்து எட்டு வடிவத்தில் தேயுங்கள். முதலில் 80 எண் தாள், பிறகு 220, பிறகு 400; எண் கூடக் கூடத் தாள் மென்மை. உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் தாளை விரலளவு மடித்துச் சாய்வாக ஓட்டுங்கள். எப்போதும் ஈரமாக இருக்கட்டும், உலர்ந்த கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

வெட்டிய பாட்டிலைக் குடிக்கும் டம்ளராக்காதீர்கள். எரியும் மெழுகுவர்த்தியும் அதற்குள் வேண்டாம்: தடிமன் சீரில்லாத கண்ணாடி ஒரு பக்கம் சூடேறினால் கீறலிலிருந்து பிளக்கும். எல்.இ.டி. சரவிளக்கு போதும். பட்டன் பேட்டரி உள்ள சிறு விளக்கானால் அதன் மூடி ஸ்க்ரூவால் இறுகியிருக்க வேண்டும். குழந்தை விழுங்கினால் அந்தப் பேட்டரி உணவுக்குழாயை அரித்துவிடும்.

## தகர டப்பா

புள்ளித் துளைகள் வழியே ஒளி சிந்தும் விளக்குக் கூடு செய்வது எளிது, ஒரு தந்திரம் தெரிந்தால். காலி டப்பாவில் ஆணி அடித்தால் சுவர் உள்ளே நசுங்கும். ஆகவே விளிம்புக்கு 2 செ.மீ. கீழே வரை நீர் ஊற்றி ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்துவிடுங்கள். உறைந்த பனிக்கட்டி உள்ளிருந்து தாங்கும். காகிதத்தில் புள்ளி வரைந்து டப்பாவைச் சுற்றி ஒட்டி, மடித்த துண்டின்மேல் படுக்கவைத்து ஒரே அளவு ஆணியால் அடியுங்கள். புள்ளிக்குப் புள்ளி 8 மி.மீ. முதல் 1 செ.மீ. இடைவெளி. அதைவிட நெருங்கினால் துளைகள் கிழிந்து சேரும். பனி விரிவதால் அடிப்பகுதி சற்று புடைத்திருக்கும். உருகியபின் கவிழ்த்து மரத்துண்டு வைத்துத் தட்டினால் சமமாகும். உருகிய உடனே துடைத்து உலர்த்துங்கள், துளை போட்ட இடத்தில் மேல்பூச்சு போய்விட்டது, அங்கிருந்துதான் துரு பிடிக்கும்.

செடி வைக்கும் டப்பாவில் அடித் துளைகளை உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் பிசிறு உள்ளே மேடாக நின்று, துளையைச் சுற்றி நீர் வடியாமல் தேங்கும். வேர் அழுகுவதும் அடி துருப்பிடிப்பதும் அதனால்தான். நான்கைந்து துளை போதும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி வைத்தால் டப்பா இன்னும் பல நாள் நிற்கும்.

பெயின்டுக்கு முன் 240 உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, உலோக ப்ரைமர் ஒரு கோட்; பிறகு மெல்லிய இரண்டு கோட். கூர்மையான உள்விளிம்பைத் தட்டைக் குறடால் சுற்றிலும் அழுத்தி மடக்குவதை முதலிலேயே முடித்துவிடுங்கள். அதை மறந்தவர் விரலில் ரத்தம் பார்க்காமல் வேலையை முடிப்பது அரிது.

## செய்தித்தாள் கூடை

வெறும் காகிதம் ஒரு பிரம்புக் கூடை போல நிற்பதைப் பார்த்தால் நம்பவே முடியாது, செலவும் ஏறக்குறைய இல்லை. ஆனால் பொறுமை வேண்டும். 20 செ.மீ. விட்டம், 12 செ.மீ. உயரமுள்ள கூடைக்கு 80 முதல் 90 குழல் தேவை.

குழல் உருட்டுவது. தாளை நீளவாக்கில் 8 அல்லது 9 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். 2.5 முதல் 3 மி.மீ. பின்னல் ஊசி வேண்டும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியும் பரவாயில்லை. பட்டையின் ஒரு மூலையில் கம்பியைச் சாய்வாக, சுமார் 30 டிகிரியில் வைத்து இறுக்கமாக உருட்டி, முடியும் மூலையில் மட்டும் பயறளவு பசை. சரியாக உருட்டினால் குழலின் ஒரு முனை மற்றதைவிடச் சற்று மெலிந்திருக்கும். அது குறையில்லை: மெலிந்த முனையை அடுத்த குழலின் பருத்த முனைக்குள் 2 செ.மீ. நுழைத்துத்தான் நீளம் கூட்டுகிறோம். இரண்டு முனையும் ஒரே பருமனாக வந்தால் கம்பியை நிமிர்த்திப் பிடித்திருக்கிறீர்கள், இன்னும் சாய்க்க வேண்டும். பளபளப்பான வாரப் பத்திரிகைத் தாள் வண்ணமாக இருக்கும், ஆனால் வழுக்கும், மடக்கினால் முறியும். முதல் கூடைக்கு நாளிதழே நல்லது.

அடிப்பகுதி. அட்டையில் 20 செ.மீ. வட்டம் இரண்டு. ஒரு வட்டத்தின்மேல் 23 குழல்களைச் சூரியக் கதிர் போல அடுக்குங்கள், ஒவ்வொன்றின் 5 செ.மீ. உள்ளே இருக்கட்டும், அந்தப் பகுதியை நசுக்கித் தட்டையாக்குங்கள். சுற்றளவு சுமார் 63 செ.மீ. என்பதால் கதிருக்குக் கதிர் 2.7 செ.மீ. வரும். 3 செ.மீ.க்கு மேல் போனால் சுவர் தொளதொளக்கும். பசை தடவி இரண்டாம் வட்டத்தை மூடி, தடித்த புத்தகங்களை ஏற்றி இரண்டு மணி நேரம் விடுங்கள்.

பின்னுவது. நிற்கும் குழல்கள் பாவு, சுற்றி ஓடும் குழல்கள் ஊடை. பின்னும் முன் குழல்களில் லேசாக நீர் தெளித்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் ஒரு மணி நேரம் கட்டி வையுங்கள். உலர்ந்த குழல் மடங்கும் இடத்தில் உடையும், நனைந்த குழல் நசுங்கிப் பிரியும். இடைப்பட்ட பதம் வர இந்த ஒரு மணி நேரம்தான் வழி. பாவை அட்டையின் ஓரத்தில் மேலே மடக்கி, அதே அளவுள்ள ஒரு டப்பாவை நடுவில் நிறுத்தி ரப்பர் பேண்டால் பிடித்துக்கொள்ளுங்கள். டப்பா இல்லாமல் பின்னினால் கை தன்னையறியாமல் இறுக்கிக்கொண்டே போகும், வாய் குறுகிய கூடைதான் வரும்.

ஊடையை இரட்டையாக ஓட்டுங்கள்: ஒரு நீளக் குழலை ஒரு பாவில் மாட்டி இரண்டாக மடித்து, ஒரு பாதி முன்னே, ஒரு பாதி பின்னே; ஒவ்வொரு பாவுக்கு நடுவிலும் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக் கடக்கும். ஒற்றை ஊடையில் போவதானால் பாவு எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தே ஆக வேண்டும், இல்லையேல் அடுத்த சுற்றில் அதே பாவின் அதே பக்கம் வந்து நிற்கும். சுமார் 20 சுற்றில் 12 செ.மீ. ஏறும். கடைசியில் ஒவ்வொரு பாவிலும் 12 செ.மீ. மிச்சம் வைத்து, அடுத்த பாவின் பின்னால் வளைத்து, அதற்கும் அடுத்ததன் ஓரமாக உள்ளே செருகினால் விளிம்பு பூட்டிக்கொள்ளும்.

வெள்ளைப் பசையும் நீரும் சமமாகக் கலந்து உள்ளும் புறமும் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். அதன்மேல் நீர் வார்னிஷ் இரண்டு கோட். நாளிதழ்க் காகிதத்தில் உள்ள லிக்னின் என்ற மரப் பொருள் வெளிச்சத்தில் மஞ்சளாகும், வார்னிஷ் அதைத் தடுக்காது. வெண்மை வேண்டுமென்றால் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிடுவதுதான் வழி. ஈரம் நிற்கும் குளியலறைக்கு இந்தக் கூடை ஆகாது.

## அட்டைப் பெட்டி, சுருக்கமாக

அட்டைக்குள் ஓடும் நெளிகள் நின்றவாக்கில் இருந்தால்தான் எடை தாங்கும், படுத்தால் மடங்கும். இரண்டு அட்டைகளை நெளி ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டி, பாரம் வைத்து ஓர் இரவு விட்டால் சிறு அலமாரித் தட்டுக்குப் போதுமான விறைப்பு வரும். ஒரு பக்கம் மட்டும் நீர்ப் பெயின்ட் அடித்தால் அட்டை வில்லாக வளையும். மறுபக்கமும் ஒரு கோட் அடித்துவிடுங்கள்.

## டி-ஷர்ட் கால்மிதி

பருத்தி டி-ஷர்ட்டைக் குறுக்கே பட்டையாக வெட்டி இழுத்தால் ஓரங்கள் தானாகவே உள்ளே சுருண்டு, உருண்டையான நூலாகிவிடும். பிசிறு விடாது, மடித்துத் தைக்க வேண்டாம். பக்கவாட்டில் தையல் இல்லாத டி-ஷர்ட் கிடைத்தால் விடாதீர்கள். பெரிய அச்சுப் படம் உள்ள பகுதி சுருளாது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

60 செ.மீ. வட்ட மிதிக்கு 2.5 செ.மீ. அகலப் பின்னல் சுமார் 11.5 மீட்டர் வேண்டும். மூன்று புரிப் பின்னல் என்பதாலும், பின்னும்போது நீளம் குறையும் என்பதாலும் மொத்தம் 45 முதல் 50 மீட்டர் நூல். ஒரு பெரியவர் டி-ஷர்ட்டின் அக்குளுக்குக் கீழ்ப்பகுதியில் 3 செ.மீ. பட்டையாக வெட்டினால் சுமார் 13 மீட்டர் தேறும். நான்கைந்து டி-ஷர்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்குளுக்கு நேராக வெட்டி, கீழ்த் தையலை நீக்கிவிட்டுக் குழாய் போன்ற துணியைத் தட்டையாக விரியுங்கள். ஒரு பக்க மடிப்பிலிருந்து மறுபக்க மடிப்புக்கு 4 செ.மீ. முன்னால்வரை 3 செ.மீ. இடைவெளியில் வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டாத அந்த 4 செ.மீ. பகுதியைக் கையில் நுழைத்து விரித்து, ஒரு பக்கத்து வெட்டிலிருந்து மறுபக்கத்தில் அதற்கு அடுத்த வெட்டுக்குச் சாய்வாகக் கத்தரித்தால் முழு டி-ஷர்ட்டும் ஒரே நீள நூல். நேராக வெட்டினால் தனித்தனி வளையங்களாகிவிடும். இரண்டு நூலை இணைக்க முடிச்சு போடாதீர்கள், காலில் உறுத்தும். இரண்டு முனையிலும் ஒன்றரை செ.மீ. கீறல் போட்டு, பழைய நூலின் கீறல்மேல் புதியதன் கீறலை வைத்து, புதிய நூலின் வால்முனையை இரண்டு கீறல் வழியாகவும் கீழிருந்து இழுத்தால் மெல்லிய பூட்டாக இறுகும். மூன்று புரியிலும் இணைப்பு ஒரே இடத்தில் விழாமல் ஒரு சாண் தள்ளித் தள்ளி வரட்டும்.

பின்னலைச் சுருட்டித் தைப்பது மேசைமேல் மட்டுமே. மடியில் வைத்துத் தைத்தால் அது மடியின் வளைவை எடுத்துக்கொள்ளும். தடித்த நூலால் அக்கம்பக்கத்துப் பின்னலின் ஓரக் கண்ணிகளை மாறி மாறிக் கோத்துக்கொண்டே போங்கள். ஓரம் மேலே எழுந்து கிண்ணம்போல் ஆனால் வெளிச்சுற்றை இறுக்கி இழுத்திருக்கிறீர்கள். நாலைந்து கண்ணிக்கு ஒருமுறை வெளிப்பின்னலில் ஒரு கண்ணியைத் தாண்டித் தையுங்கள், நேராகும். ஓரம் அலையலையாக நெளிந்தால் தாண்டியது அதிகம். இரண்டையும் அந்தச் சுற்றிலேயே பிரித்துத் திருத்த வேண்டும், அடுத்த சுற்றில் சரியாகும் என்று விட்டால் ஆகாது. முட்டை வடிவம் வேண்டுமென்றால் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்துவரும் அளவுதான் நடுவில் நேராக வைக்கும் முதல் பின்னல்: 90 க்கு 60 என்றால் 30 செ.மீ.

வழுக்கும் தரையில் அடியில் ரப்பர் வலை விரியுங்கள். துவைத்தபின் கொடியில் தொங்கவிட்டால் நீர்ப் பாரத்தில் ஒரு பக்கம் இழுபட்டு வட்டம் முட்டையாகிவிடும். பழைய துண்டில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாகப் பரப்பி, நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு உலர்த்துங்கள்.